உண்ணாவிரதத்தில் தம் போட்டவனின் பதில்

அன்பு மகள் ஹாஜராவுக்கு,

இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். உன் அம்மாவின் முட்டிவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, எங்கேயும் போகிற மாதிரி தெரியவில்லை. கையில் செல்லை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறாரே இந்த அத்தா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்ப உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நான் கிழித்துப் போட்டுவிடுவேனோ என்று அவளுக்குச் சந்தேகம். சூடான் எல்லையில் இருக்கிற அகதி முகாம் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போகட்டுமா என்று நீ கேட்ட நாளிலிருந்து உன்னிடம் நான் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். வெங்காய விலை பேசியிருக்கிறேன். என் தம்பி, உன் சச்சா, வாங்கிய பழைய வண்டி மேட்டில் ஏறாமல் நின்ற கதையை இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். நீ பேச்சைத் திருப்பி அந்தக் கேள்விக்குக் கொண்டுவந்த போதெல்லாம், "செல்லுல சார்ஜ் இல்ல தாயி, பொறவு பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். திண்டுக்கல் முழுக்கத் தேடினாலும் இப்படிச் சார்ஜ் நிற்காத செல் கிடைக்காது. அத்தா சரி என்று சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நீயும் பிடிவாதமாக இருக்கிறாய், உன்னை அனுப்புகிற மருத்துவக் குழுவோ இந்த வாரத்துக்குள் பதில் கேட்கிறது. ஆகவே தப்பிக்க வழியில்லாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தடவை நான் ஏன் போனை வைத்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கடலோரத்து ஊர்களில் புயலடித்து வெள்ளம் புகுந்ததே, நினைவிருக்கிறதா? நம் பேகம்பூர்ப் பிள்ளைகள் அரிசியும் பருப்பும் பெரிய தேக்சாப் பாத்திரமும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கல்யாண வீடுகளில் சமைக்கிற பண்டாரி நான், அடுப்பைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். உனக்கு அன்றைக்குக் காய்ச்சல். லாரிப் பக்கம் வந்து நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் குனிந்து, "அங்க புள்ளைகளுக்குப் பசிக்குதாம் தாயி, போயிட்டு ஓடியாந்துர்றேன்" என்றேன். நீ அழுகையை நிறுத்திவிட்டுச் சட்டையை விட்டாய். அதை நான் மறந்தே போயிருந்தேன். போன மாதம் நீ போனில் கேட்டாயே, அப்போது உன் வாயிலிருந்து அதே பேச்சு வந்தது. "அங்க புள்ளைகளுக்கு மேலுக்கு முடியலயாம் அத்தா, போயிட்டு ஓடியாந்துர்றேன்." உனக்கு அது நினைவில் இருந்து சொன்னாயா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில்தான் என் செல்லில் முதன்முதலாகச் சார்ஜ் தீர்ந்தது.

வெள்ளம் வேறு, குண்டு வேறு என்று மனசுக்குள் உன்னோடு எத்தனையோ நாள் வாதாடினேன். வெள்ளம் வடிந்துவிடும். குண்டு போடுகிறவன் ஆஸ்பத்திரி என்றும் பார்ப்பதில்லை, ஆம்புலன்ஸ் என்றும் பார்ப்பதில்லை என்று டிவியில் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தி வந்தால் உன் அம்மா பார்ப்பதற்கு முன்னால் சேனலை மாற்றிவிடுவேன். அவள் வேண்டுமென்றே என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கித் திரும்ப அதையே வைப்பாள். இப்படி நம் வீட்டிலேயே தினமும் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான், ஊரில் உண்ணாவிரதம் என்று ஆரம்பித்தார்கள். நீ வீடியோவில் பார்த்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் என் பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது.

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர்தான் முன்னால் நின்றார். உலகத்தில் எங்கே போர் நடந்தாலும் நிறுத்த வேண்டும், அடிபட்ட ஜனங்களுக்குச் சோறும் மருந்தும் போக வழிவிட வேண்டும் என்று மணிக்கூண்டுப் பக்கம் பந்தல் போட்டு ஒரு நாள் உண்ணாவிரதம் இருப்பது, சாயங்காலம் அதிகாரிகளிடம் மனு கொடுப்பது என்று திட்டம். பள்ளிவாசல் ஜமாஅத், சர்ச், வியாபாரிகள், விவசாயிகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பேனரில் எந்தப் போரைப் போடுவது என்று முதல் கூட்டத்திலேயே தகராறு. நம் ஆட்கள் காஸா என்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள், சூடானைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதைத்தான் முதலில் போட வேண்டும் என்றார்கள். இன்னொருவர் எழுந்து இன்னொரு நாட்டைச் சொன்னார். போரை நிறுத்தச் சொல்லிக் கூடிய இடத்தில் செத்த நேரம் போர்தான் நடந்தது. கடைசியில் எனக்குப் புதினாவும் தக்காளியும் கொண்டுவந்து போடும் சாணார்பட்டி சின்னச்சாமிதான் எழுந்தான். "எந்த ஊருன்னு எதுக்குய்யா எழுதுறிய? குண்டு போடுறத நிறுத்து, சோத்தையும் மருந்தையும் உள்ள விடு. அம்புட்டுத்தான. அட்டையும் சின்னதாத்தான இருக்கு" என்றான். அப்படியே முடிவாயிற்று. ஒரு அட்டையில் 'போரை நிறுத்து', இன்னொரு அட்டையில் 'நிவாரணத்தைத் தடுக்காதே'. இரண்டாவது அட்டை என் கைக்கு வந்தது.

உண்ணாவிரதத்துக்கு முதல் நாள் டீக்கடையில் ஒருத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் பாய், நீங்க திண்டுக்கல்லுல பட்டினி கெடந்தா அங்க குண்டு போடுறவனுக்கு வயிறு வலிக்குமா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வலிக்காதுதான், ஹாஜரா, நான் என்ன பொய்யா சொல்லப் போகிறேன். ஆனால் நான் பந்தியில் வளர்ந்தவன். கடைசி வரிசையில் ஓர் ஆளுக்குச் சாப்பாடு வரவில்லை என்றால், அவர் மட்டும் கூப்பிட்டால் பரிமாறுகிறவன் காதில் விழாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இங்க ஒரு எலை பாக்கி" என்று குரல் கொடுத்தால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். அதுவும் சில நேரம் பார்க்க மாட்டான். அதற்காகக் குரல் கொடுக்காமல் உன் இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போக முடியுமா? நான் இதை அந்த ஆளிடம் சொன்னேன். அவர் மறுநாள் பந்தலில் வந்து உட்கார்ந்தார், ஆனால் டீ மட்டும் குடித்துக்கொள்கிறேன் என்றார்.

இனி நீ வீடியோவில் பார்க்காத பகுதி. உண்ணாவிரதம் என்று டீச்சரம்மா சொன்ன நேரத்திலேயே என் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. நமக்கு நோன்பு என்றால் திறப்பு உண்டு, திறப்பு என்றால் அடுப்பு உண்டு. சாயங்காலம் எலுமிச்சை ஜூஸ் கொடுத்து முடித்துக்கொள்வோம் என்று அவர் சொன்னதை நான் காதிலேயே வாங்கவில்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த ஜனத்தை ஒரு டம்ளர் ஜூஸைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் பண்டாரி என்று எனக்கு எதற்குப் பெயர்? யாரிடமும் சொல்லாமல், இரண்டு தெரு தள்ளி நமக்குத் தெரிந்த ஷாதி மஹால் கல்யாண மண்டபத்துக் கொல்லையில் நம் ஆட்களை வைத்துத் தேக்சாவை ஏற்றிவிட்டேன். சீரகச் சம்பா, வெள்ளாட்டுக்கறி, தால்சா, ஒன்றும் குறைவில்லை. சின்னச்சாமி பழனிக்கு மாலை போட்டிருந்தான், கறி ஆகாது. அவனுக்காகப் புதுப் பானை வாங்கி, தனி அடுப்பில் தக்காளி சாதம். நடுவில் பந்தலிலிருந்து நைஸாக எழுந்து போய், தேக்சா மூடியின் ஓரத்தைத் துணியால் அடைத்து, மேலே தணலை அள்ளிப் போட்டுத் தம் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து உட்கார்ந்து அட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

காற்று என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. மைக்கில் டீச்சரம்மா, "ஒரு பிடி மாவுக்காகக் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள்" என்று குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டையும் கிராம்பும் நெய்யுமாக ஒரு வாசனை பந்தலுக்குள் நுழைந்தது. டீச்சரம்மா பேச்சை நிறுத்தினார். முன் வரிசையில் இருந்தவர்கள் மூக்கைத் தூக்கினார்கள். பாதுகாப்புக்கு நின்றிருந்த இன்ஸ்பெக்டர் என்னிடம் நேராக வந்தார். ஊரில் பிரியாணி வாசனை வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "என்ன பாய், பர்மிஷன் உண்ணாவிரதத்துக்குத்தான வாங்குனீங்க? வாசனையப் பாத்தா கல்யாணம் மாதிரில இருக்கு?" என்றார். அதற்குள் செல்லை நீட்டிக்கொண்டு இரண்டு பேர் ஷாதி மஹால் பக்கம் ஓடினார்கள். டீச்சரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "பாய், நாளைக்கு இதத்தான் பேசுவாங்க. போரும் போச்சு, பசியும் போச்சு, உங்க பிரியாணி மட்டும்தான் நிக்கும். மொதல்ல போய் அந்த அடுப்ப அணைங்க" என்றார். தம் போட்டதை நடுவில் அணைத்தால் அரிசி விறைத்துப் போகும் என்று அந்த நேரத்திலும் எனக்கு வாயில் வந்தது. நல்ல வேளை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுந்தேன்.

அப்போதுதான் புஷ்பம் அக்கா மைக்கைக் கேட்டு வாங்கினார். அவரை உனக்குத் தெரியும், இலங்கை அகதி முகாம் வாசலில் தையல் மெஷின் வைத்திருக்கிறாரே, உன் யூனிஃபார்மை எப்போதும் ஒரு சுற்று பெரிதாகவே தைத்துக் கொடுப்பாரே, அவர்தான். இலங்கையில் சண்டை நடந்தபோது படகில் வந்தவர். பேச வேண்டும் என்று டீச்சரம்மா எத்தனையோ முறை கேட்டும், எனக்குப் பேச்செல்லாம் வராது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்ததும் முதலில் சிரித்தார். "பாய், அடுப்ப அணைக்காதேங்க" என்றார். "அங்க எங்களால அடுப்பு பத்த வைக்கேலாது. புகை கண்டா அந்த இடத்துக்கு ஷெல் வரும். அரிசி இருந்தும் பச்சை அரிசிய மென்டுகொண்டு பங்கருக்குள்ள இருந்தம். ஒரு நாள் சண்டைய நிப்பாட்டிட்டாங்கள் எண்டு ரேடியோவில சொன்னாங்கள். ஒருத்தரும் நம்பேல்ல. பிறகு எங்கட அம்மா வெளிய வந்து, வீட்டு முற்றத்தில மூண்டு கல்ல வச்சு அடுப்பு மூட்டினா. பக்கத்து வீட்டிலயும் புகை வந்துது. அதக் கண்ட பிறகுதான் நாங்க எல்லாரும் வெளிய வந்தனாங்க. போர் நிறுத்தம் எண்டா எனக்கு அந்தப் புகைதான். கொஞ்ச நாள்தான் இருந்துது, பிறகு திரும்பவும் துவங்கிட்டுது. எண்டாலும் அந்தக் கொஞ்ச நாள்தான் என்ர தம்பி வயிறாரச் சாப்பிட்ட நாள்." மைக்கை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பந்தலுக்குள் அந்த வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது. டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலம் எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். அப்புறம் நாங்கள் போட்ட கோஷம் நீ வீடியோவில் கேட்டதுதான். என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள். மனுக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, நம் கல்யாணங்களில் செய்வது மாதிரி நாலு பேருக்கு ஒரு சகன் தட்டு வைத்தேன். தட்டுப் பற்றாக்குறையை மறைக்கத்தான் என்பது நமக்குள் இருக்கட்டும். ஒரே தட்டில் டீச்சரம்மா, சர்ச்சிலிருந்து வந்த சிஸ்டர், புஷ்பம் அக்கா, ஒரு கல்லூரிப் பெண். இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே சாப்பிடுவேன் என்றார், இரண்டாவது கவளத்தில் உட்கார்ந்துவிட்டார். சின்னச்சாமி தக்காளி சாதத்தோடு தனியே உட்கார்ந்து, "ஏலே, வாசனை பிடிச்சா விரதம் கெட்டுப்போகுமாப்பா?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை கல்யாணம் சமைத்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்ததில்லை.

அட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா அதை வாங்கி, தூசி தட்டி, ஹாலில் நான் எப்போதும் உட்காருகிற நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "நல்லா எழுதியிருக்காக, இருக்கட்டும்" என்றாள். மறுநாள் நீ வீடியோவில் கூப்பிட்டாய். நான் பிரியாணிக் கதையை அளக்க ஆரம்பித்திருந்தேன். நீ சிரிப்பதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாய். "அத்தா, ஒங்களுக்குப் பின்னாடி என்னமோ எழுதியிருக்கே?" என்றாய். நான் திரும்பிப் பார்க்குமுன் நீயே ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டாய். 'நிவாரணத்தைத் தடுக்காதே.' சமையலறையில் உன் அம்மாவின் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. பழக்கதோஷத்தில் "செல்லுல சார்ஜ்" என்று ஆரம்பித்தேன். நீ, "சரி அத்தா" என்று மெதுவாகச் சொல்லி நீயே வைத்துவிட்டாய்.

அன்றைக்கு முழுக்க அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. மணிக்கூண்டுப் பக்கம் தொண்டை கிழியக் கத்தியபோது நிவாரணம் என்று நான் எதை நினைத்தேன், தெரியுமா? மாவு மூட்டையை நினைத்தேன், மருந்துப் பெட்டியை நினைத்தேன், வரிசையாக நிற்கிற லாரியை நினைத்தேன். அந்த மருந்தை ஊசியில் ஏற்றிப் பிள்ளைகளுக்குப் போடுகிற கை ஒன்று வேண்டுமே, அந்தக் கையைப் பெற்றவன் ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பானே என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யார் வீட்டுப் பிள்ளையோ போகும் என்றுதான் கத்தியிருக்கிறேன். எல்லை வாசலில் துப்பாக்கியோடு லாரியை மறிக்கிறவனை வைதேன். இங்கே பேகம்பூரில் லுங்கி கட்டிக்கொண்டு, செல்லை அணைத்து வைத்துக்கொண்டு நானும் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவிடம் போய், "என்ன செய்யிறது?" என்றேன். "ஓடுறவளுக்கு வைக்கிற பேர வச்சிட்டு, உக்காருன்னா எப்பிடி உக்காருவா?" என்றாள். நபிமார் கதையில் குழந்தைக்குத் தண்ணீர் தேடிப் பாலைவனத்தில் மலைக்கும் மலைக்கும் ஓடிய அந்தத் தாயின் பெயரை உனக்கு வைத்தது அவள்தான், அதனால் அவள் அதைச் சொல்லலாம். பேசிக்கொண்டே அலமாரியைத் திறந்து ஒரு ஜாடியைக் காட்டினாள். நார்த்தங்காய் ஊறுகாய். நன்றாக ஊறிக் கறுத்துப் போயிருந்தது. நார்த்தங்காய் அந்த நிறத்துக்கு வர எத்தனை வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நீ கேட்ட மறுநாளே, நீ கொண்டுபோகப் போட்டிருக்கிறாள். நான் ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் ஜாடியை வெயிலில் வைத்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. பயமாகத்தான் இருக்கிறது. நீ திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் பயமாகத்தான் இருக்கும். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. உன்னோடு வருகிற பிள்ளைகளின் தாய் தகப்பன்களுக்கும் இதை வாசித்துக் காட்டு, அவர்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு செல்லில் சார்ஜ் இல்லாமல் இருக்கும். நர்ஸுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? சமையல்காரன் புத்தி ஒன்று மட்டும் சொல்கிறேன். பண்டாரி கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நம்பி நத்தத்தில் ஒரு கல்யாணத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்று, உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். உப்பில்லாத சோற்றை வடித்துக் கலந்து ஒருவழியாகச் சமாளித்தேன். பெண்ணின் தகப்பனார் அளவு கூடியதைப் பார்த்து, தாராள மனசு என்று என்னைப் பாராட்டினார். அரிசி அவருடையது. பிரியாணியில் சமாளிக்கலாம், ஊசியில் சமாளிக்க முடியாது. ஆகவே நீ முதலில் சாப்பிட்டுவிடு, அப்புறம் வார்டுக்குள் போ. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குத் தெம்பான கை வேண்டும். சண்டை ஓய்ந்து, முகாமில் வீட்டுக்கு வீடு அடுப்பு புகைவதை ஒரு நாள் நீ பார்த்தால், அதை ஒரு படம் எடுத்து அனுப்பு, புஷ்பம் அக்காவுக்குக் காட்ட வேண்டும். அது வரைக்கும் நாங்கள் இங்கே குரல் கொடுத்துக்கொண்டே இருப்போம். அடுத்த மாதம் திரும்பவும் பந்தல் போடுகிறார்கள். டீச்சரம்மா நம் வீட்டுக்கே வந்து, இந்தத் தடவை அடுப்பைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அட்டையை இப்போது நாற்காலிக்குப் பின்னாலிருந்து எடுத்து வாசல் பக்கம் வைத்துவிட்டேன், போகிற வருகிறவர்கள் வாசிக்கட்டும். கையெழுத்தைப் போடு தாயி. போய்விட்டு ஓடி வந்துவிடு. காலையிலிருந்து செல்லைச் சார்ஜரில் மாட்டி வைத்திருக்கிறேன், முழுக்க ஏறிவிட்டது. கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அத்தா